மூடி வைத்த முகவரி

கம்பெனிப் பட்டியலில் ஏஞ்சலினுடைய பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஹவுஸ்கீப்பிங். தரை துடைக்கிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், அப்புறம் பதினேழாவது பெயராக ஏஞ்சலின். தரை துடைப்பது கேவலம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் நாலு நாள் வராவிட்டால் அந்த ஃபாக்டரி நாறிப்போகும். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எழுநூறு பேர் வேலை செய்கிற ஒரு கம்பெனியின் மெயில் சர்வரைப் பத்து வருஷமாகத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவளைத் துடைப்பக்கட்டையோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்களே, இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா? கேட்டால், "காண்ட்ராக்ட்ல அந்த ஒரு இடம்தாம்மா காலியா இருந்துச்சு" என்பார்கள். பத்து வருஷமாக அந்த ஒரு இடம்தான் காலியாக இருக்கிறது.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவளை ஒருநாள் நிறுத்துவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி கையெழுத்து வாங்குவார்கள். நிறுத்திய அந்த ஒரு நாளில் மெயில் போகாவிட்டால் மட்டும் வெட்கமில்லாமல் போன் வரும்.

அவளுக்கு ஊர் ஆரம்பாக்கம். அப்பா இம்மானுவேல் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்; சிப்காட் வந்த பிறகு லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்கப் போனார். "நீயாச்சும் குந்திக்கினு செய்ற வேலைக்குப் போம்மா" என்று அவர்தான் மகளைப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். கேட் பாஸ் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம், சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஒரு மத்தியானம் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி இவள் கையில் திணித்துவிட்டு அவர் போய்விட்டார். தற்காலிகமாகப் பார்த்துக்கொள் என்றார்கள். அந்தத் தற்காலிகம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் கற்றுக்கொண்டாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சர்வரில் எந்த வரியை மாற்றினாலும், அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதுவாள்: என்றைக்கு மாற்றியது, யார் சொல்லி, எதற்காக. கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைச் சட்டை செய்யாது. அது மனிதர்கள் படிப்பதற்கு. அதையே கோடு போட்ட நோட்டு ஒன்றிலும் எழுதிக்கொள்வாள். சர்வர் கைக்கு வந்த முதல் வருஷத்தில் ஒரு மேனேஜர் சொன்னதைச் செய்து, அது ஊத்திக்கொண்டபோது, "நான் எப்பம்மா சொன்னேன்?" என்று அவர் கையை விரித்தார். சூடு கண்ட பூனை ஆயிற்றே. அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த நோட்டு.

இனி அந்தப் புகார்ப் பெட்டி விஷயத்துக்கு வருவோம், வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இவர்களிடம் உதிரிபாகம் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டது. தொழிலாளி தன் புகாரை யாருடைய தயவும் இல்லாமல் அனுப்ப வழி வேண்டும் என்றது. உடனே ஷாப் ஃப்ளோரில், கேன்டீனுக்குப் போகிற வழியில், தொட்டு எழுதுகிற திரையோடு ஒரு பெட்டியை நிறுத்தினார்கள். டோக்கன் நம்பர், போன் நம்பர் போட்டு, புகாரைத் தமிழிலேயே எழுதலாம். அது மெயிலாக சர்வருக்குப் போகும். சர்வர் அதைப் பாதுகாப்புப் பிரிவுக்கும் மேலாளருக்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் சேர்த்தே அனுப்பும். புகார் வந்து சேர்ந்ததும் எழுதியவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் போகும்: 'உங்கள் புகார் கிடைத்தது. மூன்று நாட்களில் நடவடிக்கை எடுக்கப்படும்.'

இத்தனையையும் கட்டியவள் ஏஞ்சலின். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த சர்வர் இரண்டு வாசல் உள்ள வீடு மாதிரி. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு நெட்ஒர்க்கில் இருந்தன. ஷாப் ஃப்ளோர் தனி நெட்ஒர்க். இரண்டுக்கும் சர்வரில் தனித்தனி முகவரி. எந்தெந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று மெயில் சர்வருக்கு ஒரே ஒரு வரியில் எழுதித் தரவேண்டும். அந்த வரியில் இல்லாத முகவரிக்கு எத்தனை தடவை தட்டினாலும் சர்வர் ஏனென்று கேட்காது. ஏஞ்சலின் இரண்டு முகவரியையும் எழுதினாள். இரண்டு வாசலும் திறந்தன.

இன்னொரு வேலையும் செய்தாள். சாதாரணமாக, போய்ச் சேராத மெயிலை அந்தப் பெட்டி ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். மழைக்காலத்தில் ஷாப் ஃப்ளோரில் தண்ணீர் இறங்கி நெட்ஒர்க் வாரக்கணக்கில் படுத்துவிடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால், எத்தனை நாள் ஆனாலும் அழிக்காதே, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டே இரு என்று பெட்டிக்கு எழுதி வைத்தாள். இதை அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவள் செய்கிற எதைத்தான் கவனித்தார்கள்?

மார்ச் மாதம் காக்களூர் யூனிட்டிலிருந்து சந்திரமோகன் ஐ.டி. மேனேஜராக மாற்றலாகி வந்தார். நல்ல சட்டை, நல்ல இங்கிலீஷ். வந்த மூன்றாம் வாரமே அவளைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சலின், அந்த ஷாப் ஃப்ளோர் அட்ரஸ எடுத்துடு. சர்வர் ஆபீஸ் அட்ரஸ்ல மட்டும் லிஸன் பண்ணா போதும்."

"சார், அப்ப புகார்ப் பொட்டியில இருந்து வர்றது?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஃபேன் ஓடலன்னு ஒருத்தன் எழுதறான், க்ளவுஸ் கிழிஞ்சிருக்குன்னு ஒருத்தன் எழுதறான். எல்லாம் அந்தப் பக்கம் போகுது. அவங்க போன் பண்ணி நம்ம எம்.டி.ய கேள்வி கேக்கறாங்க. தேவையா? பொட்டி பாட்டுக்கு இருக்கட்டும். அஞ்சு நாள் ட்ரை பண்ணிட்டு அதுவே அழிச்சிடும். ஆடிட் வர்றப்ப திரும்பப் போட்டுக்கலாம்."

"இத்த மெயில்ல எழுதிக் குடுத்துடுங்க சார். செஞ்சிடறேன்."

சந்திரமோகன் மேஜைக் காலண்டரைப் புரட்டினார். "உனக்கு ஆகஸ்ட்ல ரினீவல் இல்ல?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ஏஞ்சலின் கோபக்காரி என்று ஆரம்பாக்கத்தில் பெயர். ரேஷன் கடையில் எடை குறைத்தவனிடம் தராசைப் பிடுங்கியவள். ஆனால் அன்றைக்கு அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. மகள் ஸ்நேகா ஒன்பதாவது படிக்கிறாள். புருஷன் எட்வர்டுக்கும் பக்கத்து யூனிட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற காண்ட்ராக்ட் வேலைதான். அவள் போய் உட்கார்ந்து அந்த முகவரியை அழித்தாள். அதற்கு மேலே குறிப்பு எழுதினாள்: 'மார்ச் 20, சந்திரமோகன் சார் வாயால் சொன்னது, புகார் வராமல் இருக்க.' நோட்டிலும் எழுதினாள். பிறகு சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். இதற்கு நிறுத்தித்தான் ஓடவிட வேண்டும். எந்த கேட்டில் நிற்க வேண்டும் என்ற சீட்டை வாட்ச்மேன் ஷிஃப்ட் தொடங்கும்போதுதான் படிப்பான்; நடுவில் சீட்டை மாற்றி எழுதினால் அவனுக்குத் தெரியாது. சர்வரும் அப்படித்தான்.

அன்றிலிருந்து பெட்டியில் புகார் எழுதினால், திரையில் 'அனுப்பப்பட்டது, நன்றி' என்று வந்தது. எழுதியவர் கை துடைத்துக்கொண்டு போனார். அது எங்கேயும் போகவில்லை. பெட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடிய வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஜூலையில் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கேடயம் அனுப்பியது. மூன்று மாதமாக ஒரு புகாரும் இல்லாத ஃபாக்டரியாம். அதை ரிசப்ஷனில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, சந்திரமோகன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஏஞ்சலினுக்கு அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல இருக்கும். உடைக்கவில்லை. பெட்டியில் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது போய்ப் பார்ப்பாள். பன்னிரண்டு, முப்பது, ஐம்பத்தொன்று.

அந்தக் கேடயம் வருவதற்கு முன்னால், ஜூன் கடைசியில் ஒருநாள் காலை, சூலூர்ப்பேட்டையிலிருந்து வருகிற ரயிலில் ஆதிகேசவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அதே ஊர், அடுத்த தெரு. அதே கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். பிரஸ் என்றால், தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டுகிற இயந்திரம். ஏஞ்சலின் சின்ன வயதிலிருந்து அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னாம்மா ஏஞ்சலினு, உன் பொட்டிக்கு இன்னா ஆச்சு?" என்றான். "முன்னெல்லாம் புகார் போட்டா, ஷிஃப்டு முட்ஞ்சி லாக்கர்ல இருந்து போன எடுக்கறதுக்குள்ள மெசேஜி வந்து நிக்கும். இப்ப ரெண்டு தபா போட்டுட்டேன். ஒண்ணும் வர்ல."

"எத்தப் பத்திண்ணா போட்ட?"

"ஆறாம் நம்பர் பிரஸ்தான். கை உள்ள இருந்தா மிசினு எறங்காம நிறுத்தற சென்சார் கீதுல்ல, அத்த ஒயர மாத்தி ஆஃப் பண்ணி வச்சிக்கீறாங்க. அது அடிக்கடி நிறுத்துதாம், பீசு கம்மியாவுதாம். மோசஸு சூப்பர்வைசர கேட்டா, டார்கெட் முடியட்டும்ன்றாரு. பயந்துக்கினே ஓட்டிக்கினு கீறேன்."

ஏஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"நெட்ஒர்க்கு ப்ராப்ளம்ணா. சரியாயிடும்."

"சர்தான். நீ பாத்துக்குவ" என்று சொல்லிவிட்டு அவன் டிபன் டப்பாவைத் திறந்து, "நாஷ்டா துன்னியா?" என்று ஒரு இட்லியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் நாலாம் தேதி, திங்கட்கிழமை, பதினோரு மணி. ஆறாம் நம்பர் பிரஸ் ஆதிகேசவனின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் சென்சார் ஒயரை ஒழுங்காகப் பொருத்திவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அறிக்கை தயார். அதை மெயிலில் அனுப்பியதால் சர்வர் வழியாகத்தான் போனது. ஏஞ்சலின் படித்தாள். 'ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம். இயந்திரத்தில் கோளாறு இருந்ததாக இதற்கு முன் எந்தப் புகாரும் பதிவாகவில்லை.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் சோறு கூடப் போடாமல் மறைத்தார்கள். இந்த இரண்டு வரி நின்றுவிட்டால் ஆதிகேசவனுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. விரலைக் கொடுத்தவனே குற்றவாளி.

அவள் உடனே சர்வரைத் திறக்கப் போனாள். முகவரியைத் திரும்ப எழுதிவிட்டால் போதும், அத்தனையும் வந்து கொட்டிவிடும். அதற்குள் பாஸ்வேர்ட் மாறியிருந்தது. சந்திரமோகனிடம் கேட்டாள்.

"இனிமே சர்வர நானே பாத்துக்கறேன்" என்றார் அவர். "நீ ரொம்ப அலட்டிக்காத."

அன்றைக்கு வீட்டில் எட்வர்ட் சாப்பாடு போட்டு வைத்தும் அவள் தொடவில்லை.

"செய்யச் சொன்னவன் அவன்தான? நீ இன்னாத்துக்கு உன்னயே போட்டுத் திட்டிக்கினு கீற?" என்றான் எட்வர்ட்.

"சொன்னது அவுரு. எடுத்தது என் கையி. ஆதி அண்ணன் கேட்டப்ப பொய் சொன்னது என் வாயி. அந்த மனுசன் ரெண்டு தபாவோட உடல, நாலு தபா எழுதிக்கீறாரு. பொட்டியில பாத்தேன்."

"ரினீவல் இந்த மாசம்தான?"

"ஆமா."

எட்வர்ட் தட்டைப் பார்த்தான். "போனாப் போவுது" என்றான். "ஆரம்பாக்கத்துல ஆதி மூஞ்ச பாத்துக்கினுதான நாம குடியிருக்கணும்."

வியாழக்கிழமை திருவள்ளூரிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அருணா வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். ஏஞ்சலின் அவரை நேரே பார்த்துச் சொல்லிவிடுவது என்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் சந்திரமோகன் முன்கூட்டியே, "நீ சர்வர் ரூம்ல இரு. கூப்பிட்டா மட்டும் வா" என்று சொல்லி, வராண்டாவில் ஒரு ஆளையும் நிறுத்தி வைத்துவிட்டார்.

அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார். மீட்டிங் ரூமில் பெரிய டி.வி.யில் பாதுகாப்புப் பிரிவின் மெயில் பெட்டியைத் திறந்து வைப்பது. இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே ஷாப் ஃப்ளோரிலிருந்து ஒரு புகாரை அனுப்ப வைப்பது. அது வந்துவிழும். பார்த்தீர்களா, வழி திறந்துதான் இருக்கிறது, ஆதிகேசவன் எழுதியிருந்தால் வந்திருக்காதா என்று கேட்பது. எவ்வளவு சுத்தமான பொய் பாருங்கள்! கீழே நிற்கிற அந்தப் பெட்டிக்கும் வயிறு ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார். ஐந்து நாளில் எல்லாம் அழிந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கீழே சூப்பர்வைசர் மோசஸ் பெட்டியில் 'சோதனை' என்று எழுதி அனுப்பினார். மேலே டி.வி.யில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினார். ஒன்றும் இல்லை.

"வரலியே சார்" என்றார் அருணா.

"சர்வர் கொஞ்சம் பழசு மேடம். அந்தப் பொண்ணு வேற சரியா மெயின்டெயின் பண்றதில்ல" என்றார் சந்திரமோகன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேறு வழியில்லாமல் ஆளை அனுப்பி ஏஞ்சலினை வரச்சொன்னார்.

அவள் வந்து சந்திரமோகனின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தாள். இரண்டு முகவரியும் இருந்தன. அதற்கு மேலே அவள் எழுதிய குறிப்பு இல்லை. வழித்துத் துடைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஐந்து மாதமாக ஒளிந்துகொண்டிருந்த கோபம் திரும்பி வந்தது. வந்த கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஃப்ளோர் அட்ரஸ எப்ப சேத்தீங்க?"

"நேத்து சாயங்காலமே சேத்து, ரீலோட் கூட பண்ணிட்டேனே. என்ன குறைச்சல் அதுல?"

அருணா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "நேத்தா?" என்றார்.

சந்திரமோகன் தண்ணீர் குடித்தார். "சின்ன மெயின்டெனன்ஸ் மேடம்."

"சார், இந்த வரிக்கு ரீலோட் பத்தாது" என்றாள் ஏஞ்சலின். "சர்வர நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். அப்பதான் புது அட்ரஸ்ல கேக்கும். பண்ணட்டுமா?"

"பண்ணு."

"நிச்சயமா பண்ணட்டுமா சார்?"

"அட, பண்ணும்மா. மேடம் எவ்வளவு நேரம் வெயிட் பண்ணுவாங்க?"

அவள் நிறுத்தினாள். திரும்ப ஓடவிட்டாள்.

மோசஸ் மூன்றாம் தடவையாக அனுப்பிய 'சோதனை' உடனே டி.வி.யில் வந்து விழுந்தது. சந்திரமோகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்? இவ்வளவுதான் விஷயம். ஃப்ளோர்ல எவன் எழுதினாலும் இங்க வந்துடும். அந்த ஆள் ஒரு வார்த்தை எழுதியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். ஒண்ணு கூட வரல. இதை அப்படியே ரெக்கார்ட் பண்ணிக்கலாம்."

"அப்ப அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றார் அருணா. சந்திரமோகன் வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு அவரிடம் நீட்டினார். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள்கூட இத்தனை அழகாகப் போடமாட்டார்கள்.

ஏஞ்சலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

முதலில் மார்ச் மாதத்துப் புகார் ஒன்று வந்தது. கேன்டீன் தண்ணீரில் புழு. அப்புறம் கையுறை. அப்புறம் நாலாவது பிரஸ்ஸில் எண்ணெய் ஒழுகுவது. டி.வி.யில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எழுதிய தேதி, எழுதிய மணி, டோக்கன் நம்பர், எல்லாம் எழுதினபடியே.

"இது என்ன?" என்றார் சந்திரமோகன். அவர் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க சார்" என்றார் அருணா.

மொத்தம் அறுபத்து மூன்று. அதில் டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு நாலு இடத்தில் இருந்தது. ஜூன் 3. ஜூன் 20. ஜூலை 8. அருணா எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்று நாலாவதைப் படித்தார். ஜூலை 29, காலை 6.10.

'ஆறாம் நம்பர் பிரஸ்ல சென்சார் வேல செய்யல. நாலாவது தபா சொல்றேன். எனக்கு ரெண்டு பசங்க இருக்குது. ஆதிகேசவன்.'

படித்து முடித்து, அந்தத் தேதியையும் மணியையும் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"இந்த வழியை இத்தனை மாசம் மூடி வச்சது யாரு?"

"டெக்னிக்கல் ஃபால்ட் மேடம். காண்ட்ராக்ட் ஸ்டாஃப். ஹவுஸ்கீப்பிங் ஆளு, என்ன தெரியும் அதுக்கு?" என்றார் சந்திரமோகன், ஏஞ்சலினைப் பார்க்காமலே.

ஏஞ்சலின் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். மார்ச் 20-ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். வாயைத் திறக்கும்போது அவள் போன் அடித்தது. ஆதிகேசவன் என்று வந்தது. அவள் போனை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எடுங்க" என்றார் அருணா. "ஸ்பீக்கர்ல போடுங்க."

ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் அறைக்குள் வந்தது. யாரோ இருமினார்கள். பிறகு அவன் குரல்.

"ஏஞ்சலினு, நான்தாம்மா. சின்னப்பொண்ணுதான் போனக் காதுல புட்ச்சிக்கினு கீது. இப்ப மெசேஜி வந்துச்சு. நாலும் ஒண்ணா வந்துச்சு. புகார் கெடச்சிச்சாம். மூணு நாள்ல பாத்துடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினான். "நெட்ஒர்க்கு சரியாப்பூச்சாம்மா?"

சந்திரமோகன் கண்ணாலேயே அவளை மிரட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நெட்ஒர்க்கு எப்பவும் சரியாத்தான்ணா இருந்துச்சு" என்றாள். "இவுரு சொன்னாருன்னு, நான்தான் மூடி வச்சிருந்தேன்."